எட்டு மணிப் படம்

ஊரில் அவருக்கு ‘எட்டு மணி’ என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நீர்வளத் துறையில் அளவுக்காரர் வேலை. பள்ளத்தாக்குக்குள் விழும் அருவிக்குத் தினமும் காலை எட்டு மணிக்குப் போய், ஒரே தூணில் கேமராவை வைத்து, ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். அருவியின் உச்சியும், கீழே குளத்தை ஒட்டிய பாறையில் அடித்திருக்கும் அளவுப் பலகையும் அந்தப் படத்தில் விழ வேண்டும். பத்து மணிக்குள் அலுவலகம் வந்து படத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். “இதுக்கு ஒரு சம்பளம், அதுக்கு ஒரு பென்ஷன்” என்று மச்சான் கேலி செய்வார். நூற்று நாற்பது படியை முட்டி வலியோடு ஒரு நாள் இறங்கி ஏறிப் பார்த்திருந்தால் மச்சானுக்கு அந்தப் பேச்சு வந்திருக்காது.

கடந்த ஒரு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று ஆள் உண்டு. அந்த ஆளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இவரே போனார். காய்ச்சலோடு போனார். மகள் பிள்ளை பெற்ற அன்றும் படத்தை எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். துறையில் கூப்பிட்டுப் பாராட்டிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

மனைவி மட்டும் அதை அடக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. “லீவு நாள்லயும் விழுந்தடிச்சுக்கிட்டு ஓடுறீங்களே, அங்க யாரை வெச்சிருக்கீங்க?” என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அங்கே ஒரு குரல் இருந்தது. படம் எடுத்து முடித்துக் கேமராவைப் பையில் வைக்கும் நேரத்தில், அருவிச் சத்தத்துக்கு அடியிலிருந்து, பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுவாக்கில் விசாரிப்பது மாதிரி, ஒரு வாலிபக் குரல் கேட்கும். “இன்னிக்கு என்ன கிழமை?” அழுகை இல்லை, மிரட்டல் இல்லை, சாதாரணமான கேள்வி. ஒரு வருஷமாக ஒரு நாளும் அவர் பதில் சொன்னதில்லை. பதில் சொன்னால் கீழே ஆள் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தார். பையை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிடுவார். வீட்டுக்கு வந்து நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது மட்டும் கிழமையின் பெயரை வாய்விட்டுச் சொல்வார். அதுவும் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை ஏழே காலுக்கு அலுவலக வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கடுகு நிறப் புடவை, கழுத்தில் ஒரு பழைய கேமரா, கையில் பொறியாளர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம்.

“நீங்கதானே சார் எட்டு மணிப் படம் எடுக்கிறவரு? போன வருஷம் இங்க இறந்துபோனது என் தம்பி.”

அவர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். இரண்டு முறையும் ஓர் எழுத்துகூட உள்ளே போகவில்லை.

“உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு அம்மா ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. அவனைக் கண்டுபிடிச்சது நீங்கதானே. நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை, லீவு கிடைக்கிறதே கஷ்டம். இப்பதான் வர முடிஞ்சுது.”

“நன்றியெல்லாம் எதுக்கும்மா” என்றார் அவர்.

இந்த நன்றிக்கு அவர் எவ்வளவு தகுதியானவர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடி வைப்பதில் பிரயோஜனமில்லை, அவர் மூடி வைத்ததே போதும்.

மழை இல்லாத மாதங்களில் அந்தக் குளத்தின் மட்டம் வாரக்கணக்கில் அசையாது. முட்டி வலி வந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு நாள் இறங்கிப்போய் மூன்று படமாக எடுத்துவிடுவது. கேமராவில் தேதியை மாற்றி மாற்றி எடுத்தால் மூன்று நாள் வேலை ஒரே மூச்சில் முடிந்தது. மேகம் மூடிய காலையாகப் பார்த்து எடுத்தால் நிழல் காட்டிக்கொடுக்காது. மேலே இருப்பவர்களுக்குப் படம் வந்ததா என்பதுதான் முக்கியம், யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? அப்படித்தான் போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செவ்வாய், புதன், வியாழன் மூன்றுக்கும் சேர்த்து எடுத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் இந்தப் பெண்ணின் தம்பி தனியாக அருவிக்கு வந்தான். அருவியைக் கீழிருந்து படம் எடுக்க ஆசைப்பட்டு, அளவுப் பலகையைத் துடைப்பதற்காகத் துறை வைத்திருந்த இரும்பு ஏணியில் இறங்கினான். கடைசிக் கம்பி கழன்று, பலகைக்குக் கீழே இருக்கும் பாறைத் திட்டில் விழுந்தான். போனும் குளத்தில் போயிற்று. அது அப்போது யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போலீஸ்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து, ஒரு பையனைக் காணவில்லை, அருவிப் பக்கம் வந்தானா என்று விசாரித்தார்கள். பொறியாளர் பெருமையோடு கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். புதன் காலை எட்டு மணி, பாறைத் திட்டு காலி. வியாழன் காலை எட்டு மணி, பாறைத் திட்டு காலி. “அப்ப இங்க வரல” என்று சொல்லி அவர்கள் மலையின் மறுபக்கக் காட்டுக்குத் தேடப் போனார்கள்.

எட்டு மணி அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தார். சாயங்காலம் முட்டி வலித்தது. அங்கே எதற்கு அவன் வரப்போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அடுத்த மூன்று படத்துக்காகப் போனபோது கேமராத் திரையில் முதலில் ஒரு செருப்பு தெரிந்தது.

படத்தில் காலியாக இருந்ததால், வியாழன் எட்டு மணிக்குப் பிறகுதான் விழுந்திருக்கிறான், விழுந்ததும் உயிர் போயிருக்கும் என்று எழுதி முடித்தார்கள். குடும்பத்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

இருவரும் படியிறங்கினார்கள். பத்து நிமிஷ நடைதான். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை நெருங்கி நெருங்கி வந்து, வானம் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிவிடும். பாறையில் நீர் கசிந்து, கைப்பிடிக் கம்பியெல்லாம் எப்போதும் ஈரமாக இருக்கும். அவள் அடிக்கடி நின்றாள். பையிலிருந்து ஒரு கட்டுப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்து, அரையடி தள்ளி நின்று, குனிந்து, அந்தக் கேமராவில் ஒன்று எடுத்தாள்.

“தம்பி எடுத்த படம் சார் இதெல்லாம். மொத்தம் இருபத்தொண்ணு. ஒவ்வொண்ணையும் அவன் நின்ன இடத்துல நின்னு நானும் எடுக்கணும்னு ஒரு கிறுக்கு.”

“இந்தக் கேமராதானா அவரோடது?”

“ஆமாம். தண்ணி பூந்து கெட்டுப்போயிருந்துது. ரிப்பேர்க் கடையில ஒரு வருஷம் கிடந்துது. போன மாசம்தான் உள்ள இருந்த கார்டு உயிர் பெத்துச்சு. தேதியெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு, அவன் என்னிக்குத்தான் அதையெல்லாம் சரி பண்ணான்!” அவள் சிரித்தாள். தம்பியைத் திட்டுகிற சிரிப்பு. அடுத்த படத்துக்காக மூன்று படி இறங்கினாள்.

எட்டு மணி ஒரு படி பின்னாலேயே வந்தார். கார்டில் என்ன இருந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் ஏன் கேட்கிறார் என்று தோன்றுமோ என்று மென்று விழுங்கினார். பென்ஷனுக்கு எட்டு மாதம் இருக்கிறது என்பதும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

திருப்பத்தில் அருவி தெரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் கொஞ்சம் திகைக்க வைக்கும் அருவிதான் அது. பாறையின் பிளவிலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக விழுந்து, பச்சைக் குளத்தில் அடங்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இங்கே வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். அவளும் நிறுத்தினாள். பிறகு கடைசிப் படத்தை எடுத்துத் தூணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் தம்பி அருவிக்கு முதுகைக் காட்டி நின்று, தூணில் இருந்த அறிவிப்பைப் படம் எடுத்திருந்தான். ‘தினமும் காலை எட்டு மணிக்கு இங்கிருந்து நீர்மட்டப் படம் எடுக்கப்படும். தூணைத் தொடாதீர்கள்.’

“அவனுக்கு இந்த மாதிரி போர்டுன்னா உசுரு” என்றாள். பிறகு, “படம் மட்டும் இல்ல சார். கீழ விழுந்த பிறகு இந்தக் கேமராவிலயே ரெண்டு தடவை பேசியும் வெச்சிருக்கான். இதுல ஏத்தி வெச்சிருக்கேன், கேளுங்க” என்று தன் போனை எடுத்தாள்.

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கை தூணைப் பிடித்துக்கொண்டது.

போனில் முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் கிண்டலாக. “அக்கா, ஒரு கால் அவுட்டு. உன்கிட்டதான் எக்ஸ்ரே எடுக்க வரணும்போல. பயப்படாத. மேல ஒரு போர்டு பார்த்தேன், காலைல எட்டு மணிக்கு ஒருத்தர் வருவாராம். கவர்மெண்ட் ஆளு, வந்துதானே ஆகணும். இங்கருந்து தூண் தெரியுது. சும்மா கத்தித் தொண்டையை வீணாக்காம, எட்டு மணிக்குக் கத்துனா போதும்.”

அவள் விரலால் தொட்டு அடுத்ததைப் போட்டாள். குரல் இப்போது தேய்ந்திருந்தது. “வெளிச்சம் வந்து ரொம்ப நேரம் ஆச்சு. நேத்தும் வரல. லீவா இருக்குமோ? செவ்வாய்தானே நான் வந்தேன்...” கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும். பிறகு, பேச்சுவாக்கில் விசாரிப்பது மாதிரி, “இன்னிக்கு என்ன கிழமை?”

அதே குரல். அதே இழுப்பு. ஒரு வருஷமாகக் காதில் விழுந்தது இதோ இவள் கைக்குள்ளிருந்து வருகிறது. அவர் தூணின் அடியில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்” என்று அவள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “விழுந்ததும் போயிட்டான்னு சொன்னாங்க. அப்படி இல்ல, ரெண்டு நாள் காலையிலயும் உயிரோட கிடந்திருக்கான். இதைக் கேட்டதுலேருந்து அம்மா படுக்கையிலதான். ‘அந்த மனுஷன் ரெண்டு நாளும் வந்திருக்காரே, என் புள்ள கூப்பிட்டது எப்படிக் கேக்காம போச்சு? கூப்பிடக்கூடத் தெம்பில்லாம போச்சா?’ன்னு அதையே திரும்பத் திரும்ப. எனக்கு என்ன தோணுதுன்னா, அவன் பாறைக்கு அடியில நகர்ந்து போயிருப்பான். தூண் தெரியுதுன்னு சொன்னது வலியில உளறினது. அங்க படுத்தா இங்கருந்து தெரியாது, இந்தச் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. அப்படித்தானே சார் இருக்கும்?”

அவர் தண்ணீரைக் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது.

“நான் ஏணியில இறங்கி அங்க படுக்கிறேன். நீங்க எட்டு மணிப் படத்தை எடுங்க. நான் கூப்பிடறேன். நான் தெரியல, கேக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், படத்தைக் கொண்டுபோய் அம்மாகிட்ட காட்டிடுவேன். அவங்க கொஞ்சம் எழுந்து உட்காருவாங்க.”

ஏணியைச் சரிசெய்து, மேலே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி அவரிடம்தான். வழுக்கும், அனுமதி இல்லை, பொறியாளர் திட்டுவார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் கடிதத்தைக் காட்டினாள். பூட்டைத் திறந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பி கம்பியாகப் பார்த்து வைத்து அவள் இறங்கினாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு விஷயம் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. வளைந்த பாறைச் சுவர் கீழே பேசுவதை வாங்கி, நேராகத் தூணடிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும். மேலே சொல்வதும் அதே மாதிரி கீழே போகும். பலகை துடைக்க ஆள் வரும் நாட்களில் அவர் மேலே உட்கார்ந்துகொண்டு, கீழே இருப்பவனோடு குரலை உயர்த்தாமலே குடும்பக் கதை பேசுவார். போன வருஷம் அந்தப் புதன்கிழமை அவர் இங்கே நின்றிருந்தால் கத்தக்கூட வேண்டியிருக்காது. அந்தப் பையன் முனகினாலே கேட்டிருக்கும்.

அவர் கேமராவைத் தூணின் மேல் வைத்தார். மணி எட்டுக்கு இரண்டு நிமிஷம். திரையில் அருவி, பலகை, பாறைத் திட்டு. திட்டில் அவள் மல்லாந்து படுத்தாள். கடுகு நிறப் புடவை முழுசாகத் தெரிந்தது. பாறைக்கு அடியில் நகர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு முழத்துக்குமேல் இடமில்லை, தோளும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணா!” சார் போய் அண்ணா வந்திருந்தது. “அண்ணா, கேக்குதா?”

காதோரம் சொன்னது போலக் கேட்டது.

அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் இதில் கொடுமை. பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். படத்துக்கும் வழி இருந்தது. கேமராவை ஒரு விரல்கடை நகர்த்தினால் பலகை இருக்கும், திட்டு இருக்காது. தேதியையே மாற்றத் தெரிந்த கைக்கு இது எம்மாத்திரம்? அவள் மேலே வந்ததும் தலையை ஆட்டினால் முடிந்தது. ஒரு தாய் எழுந்து உட்காருவாள். இவருக்குப் பென்ஷன் வரும். யாருக்கு என்ன நஷ்டம்?

“அண்ணா! நான் பேசறது கேக்குதா?”

அவர் கேமராவை ஒரு விரல்கடை நகர்த்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கீழே அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று அவர் பார்க்கவில்லை. கைக்கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு. பொத்தானை அழுத்தினார்.

பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் கேட்டது. “கேக்கல. அப்பாடா. கேக்கவே இல்ல.” அதைச் சொல்லிவிட்டு அவள் விசும்பினாள். நிம்மதியின் அழுகை. அந்த அழுகையைக் கேட்கக் கூடாதவராக அவர் நின்றுகொண்டிருந்தார். கேமராவைப் பையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வந்தது, தினமும் வருவது போலவே, தண்ணீருக்கு அடியிலிருந்து.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்கிழமை!” என்றார் எட்டு மணி.

கத்தித்தான் சொன்னார். ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றிருந்தது வெளியே வந்துவிட்டது. “புதன்கிழமைப்பா! புதன்கிழமை!” என்று மறுபடியும் சொன்னார். பாறைச் சுவர் அதை வாங்கிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தது.

விசும்பல் நின்றது. திட்டில் அவள் எழுந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

“யார்கிட்ட சொல்றீங்க?” என்றாள். “நான் ஒண்ணும் கேக்கலியே.”

அவள் சுற்றிலும் பாறையைப் பார்த்தாள், அருவியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். எக்ஸ்ரே பார்க்கிற கண் அது, ஒன்றையும் விடாது. இந்த முறை அவள் குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்குள் பேசுவது போலத்தான் பேசினாள்.

“இங்க பேசினா அங்க கேக்குது. இல்லியா?”

“கேக்கும்மா.”

“நான் தெரியறேனா?”

“நல்லா தெரியறீங்க.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் பாறையில் ஊன்றிக்கொண்டு, அண்ணாந்த முகத்தைத் தாழ்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி தூணைப் பிடித்து, முட்டியை மடக்கி, அவள் முகம் நன்றாகத் தெரியும்படி விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் புதன்கிழமை நான் வரலம்மா” என்றார். “வியாழக்கிழமையும் வரல.”